தேனரசி யாரையும் பார்ப்பதில்லை

பிப்ரவரி 9

பிரசவ விடுப்பில் இருக்கிறவளுக்கு டைரி எதற்கு என்று இவர் கேட்டார். போலீஸ் ஸ்டேஷனில் வருடக்கணக்காக ரைட்டர் வேலை பார்த்தவள் நான். யார் வந்தார், என்ன சொன்னார், எதைத் தொலைத்தார் என்று எழுதி எழுதிப் பழகிய கை. குழந்தை பிறந்ததிலிருந்து ஒரு வரி எழுதவில்லை, விரல் அரிக்கிறது. ஜவுளிக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது.

எனவே முதல் பதிவு. பெயர்: தேனரசி. வயது: இரண்டு மாதம். தகப்பனார்: மந்திரமூர்த்தி, கோவில்பட்டி–கழுகுமலை மினி பஸ்ஸில் கண்டக்டர். தாயார்: செண்பகவல்லி, தலைமைக் காவலர். அடையாளம்: இடது காது மடலில் கடுகளவு மச்சம். தொழில்: பால் குடிப்பது, நனைப்பது, நியாயம் கேட்டு அழுவது. கல்யாணமாகி ஒன்பது வருடம் எங்களைக் காக்கவைத்துவிட்டு வந்தவள் என்பதால் எந்தக் குற்றச்சாட்டும் பதிவு செய்யப்படவில்லை.

இன்று மாவு ஆட்டினேன். துணி துவைத்தேன். துவைத்ததைக் காயப்போட மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

இவர் வேலை முடிந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுகிறார். "மந்தித்தோப்பெல்லாம் எறங்கு! கழுகுமலை முன்னால வா! படியில நிக்காதீங்க!" தொட்டிலுக்குள் இரண்டு காலும் சைக்கிள் மிதிக்கும். வாய் காதுவரை போகும். என் தாலாட்டுக்குக் கிடைக்காத மரியாதை அந்தத் தொண்டைக்குக் கிடைக்கிறது.

ஒன்று மட்டும். இவர் நின்றது வாசல் பக்கம். அவள் சிரித்தது பீரோவைப் பார்த்து.

"பாத்தியா ஏட்டம்மா, நகை எங்க இருக்குன்னு பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார் இவர். சிரித்தோம்.

பிப்ரவரி 15

எதிர் வீட்டு ஸ்டெல்லாவின் பையன் ஜோவினைப் பார்க்கப் போனேன். தேனரசிக்கு ஒரு வாரம் இளையவன். மடியில் வாங்கியதும் என் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டான், கண்ணால். நான் தலையைச் சாய்த்தால் அவன் கண்ணும் சாய்ந்தது. சந்தேகப்பட்ட ஆளை நோட்டம் விடுகிறவன் மாதிரி என்னை விடவே இல்லை.

"நேத்துலருந்து ஃபேனயும் விடமாட்டேங்கான்க்கா" என்று ஸ்டெல்லா பெருமையாகச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து சிவப்புப் பிளாஸ்டிக் கரண்டியை எடுத்து இவள் முகத்துக்கு முன்னால் ஆட்டிப் பார்த்தேன். கரண்டி ஒரு பக்கம் போனது, கண் வேறு பக்கம் போனது. தூக்கக் கலக்கமாக இருக்கும்.

சாயங்காலம் இன்னொரு தடவை. பால் குடித்த பிறகு ஒரு தடவை. குளித்து முடித்துப் பவுடர் போட்டுவிட்டு ஒரு தடவை. இவர் வந்ததும் கரண்டியைக் கழுவி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 16

தூக்கக் கலக்கம்தான்.

பிப்ரவரி 17

தூக்கக் கலக்கம் இல்லை.

பிப்ரவரி 20

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி. நர்ஸ் ஊசியை எடுத்துவைத்துக்கொண்டே, "பாப்பா மொகம் பாத்துச் சிரிக்காளா?" என்று கேட்டார்.

"நல்லா சிரிப்பா" என்றேன்.

"மொகம் பாத்தா?"

கேள்வியை இரண்டாம் தடவை கேட்பது விசாரணையில் நான் செய்கிற வேலை. அந்த அம்மா பேசாமல் குனிந்து தேனரசியின் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனார். இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். இவள் கண் எங்கோ கூரைக்கும் சுவருக்கும் நடுவே மேய்ந்துகொண்டிருந்தது. நர்ஸ் "அடியே தங்கம்" என்றதும் மட்டும் கன்னம் குழிந்தது.

"பயப்படுறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. எதுக்கும் கண்ணு டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிருங்க."

வரும் வழியில் முருங்கைக்காய் வாங்கினேன். நல்ல பிஞ்சுக் காய்.

பிப்ரவரி 21

இவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம் தொட்டில் பக்கம் போய், பேசாமல், கையை இவள் கண்ணுக்கு முன்னால் ஆட்டினார். பஸ்ஸை நிறுத்துகிறவர் ஆட்டுவதுபோல் பெரிதாக ஆட்டினார். பஸ் நிற்கவில்லை.

"நாளைக்கே போவோம்" என்றார்.

குளிக்கப் போனபோது பைப்பைத் திறந்து விட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன் போலிருக்கிறது. "டேங்கு காலியாவுது ஏட்டம்மா" என்று இவர் கதவைத் தட்டினார். வெளியே வந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சோப்பு கண்ணில் பட்டுவிட்டது என்று நானாகவே சொன்னேன்.

பிப்ரவரி 22

இங்குள்ள கண் டாக்டர், "வெளிய பாக்கும்போது கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்வளவு சின்னக் குழந்தைய முழுசா பாக்க எங்கிட்ட வசதி இல்ல" என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். குழந்தைகளுக்கென்று தனி டாக்டர் இருக்கிற ஆஸ்பத்திரி. மார்ச் ஏழாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இட்லி கல்லாக வந்தது. உளுந்து குறைந்துவிட்டது.

மார்ச் 1

மதினி சாத்தூரிலிருந்து வந்திறங்கினார். இவருடைய அக்கா, பெயர் சொர்ணத்தாய். ஒரு கையில் காராச்சேவுப் பொட்டலம், இன்னொரு கையில் விளக்கெண்ணெய் பாட்டில். தம்பி போனில் சொன்னதைக் கேட்டதும் தையல் மிஷினை மூடிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறியிருக்கிறார். நல்ல மனுஷி. மூச்சு விடாமல் பேசுவார்.

"ஏ செண்பா, நீ வயித்துல பிள்ளையோட கெரகணத்தன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல நின்னல்லா? அன்னைக்கே சொன்னேன், வீட்டுக்குள்ளயே இருன்னு."

"ஆள் இல்லைன்னு பந்தோபஸ்து போட்டாங்க மதினி."

"போட்டா நிக்கணுமா? தலை சுத்துதுன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் சிரித்துவிட்டு உலையில் அரிசி போட்டேன். படித்தவள், சீருடை போட்டவள், இதையெல்லாம் நம்புவேனா? அன்றைக்கு எங்கெங்கே நின்றேன், நிழலில் எவ்வளவு நேரம், வெயிலில் எவ்வளவு நேரம் என்று சும்மா ஒரு தடவை யோசித்துப் பார்த்தேன். பழைய விஷயங்களை நினைவுபடுத்திக்கொள்வது எங்கள் தொழிலில் பழக்கம்.

மார்ச் 3

சம்பவம்.

நான் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். கீழே தேனரசி வீறிட்டாள். இறங்கி வந்து பார்த்தால் மதினி அவளை மடியில் போட்டு, கண்ணைப் பிரித்து, விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு கண்ணில் விட்டாயிற்று. அடுத்த கண்ணுக்கு விரல் தயார்.

நான் போட்ட சத்தம் தெருமுனை டீக்கடை வரைக்கும் கேட்டதாக ஸ்டெல்லா சொன்னாள். ஸ்டேஷனில் குடித்துவிட்டு வருகிறவர்களுக்குப் போடுகிற சத்தம் அது. மதினி ஆடிப்போய்விட்டார்.

"எங்க வீட்டுல நாலு பிள்ளைக்கும் போட்டதுதாம்ட்டி..."

"உங்க நாலு பிள்ளைக்கும் கண்ணு தெரிஞ்சது மதினி!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. இதுவரை அந்த வார்த்தையை நான் வாயால் சொன்னதில்லை.

சுத்தமான தண்ணீரால் துடைத்துவிட்டு டாக்டரிடம் காட்டினோம். சிவப்பு மட்டும்தான், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மதினி அதற்குள் பையை எடுத்துக்கொண்டு சாத்தூருக்குக் கிளம்பிவிட்டார். காராச்சேவை விட்டுவிட்டுப் போயிருந்தார். தனியே உட்கார்ந்து தின்றேன். ரொம்பக் காரம். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

மார்ச் 7

மதுரை. எழுதுவதற்கு நிறைய இருக்கிறது.

விடியற்காலை பஸ். தேனரசி வழியெல்லாம் தூங்கினாள். ஆஸ்பத்திரியில் முதலில் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விட்டார்கள். ஊரைக் கூட்டினாள். காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் ஒன்று மாற்றி ஒன்று அழ, இவர் "டிக்கெட் டிக்கெட்" என்று சொல்லி நாலு பிள்ளைகளை அடக்கிவிட்டார். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தோம். என்னால் சாப்பிட முடியவில்லை, இவர் என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார். பதற்றம் வந்தால் இவருக்குப் பசிக்கும்.

டாக்டர் பெயர் நஸ்ரின். சின்ன உருவம், சத்தமில்லாத நடை. முதல் கொஞ்ச நேரம் எங்களிடம் பேசவே இல்லை. தேனரசிக்கு முன்னால் உட்கார்ந்து நாக்கை நீட்டினார், புருவத்தை ஏற்றினார், கோடு போட்ட அட்டையைக் காட்டினார். இவள் எதற்கும் மசியவில்லை. பிறகு விளக்கை அடித்து உள்ளே பார்த்தார். தலையில் ஒயர் ஒட்டி ஒரு பரிசோதனை. குழந்தை டாக்டர் ஒருவர் வந்து கைகால், கழுத்து, தலை எல்லாம் சோதித்தார். எல்லாம் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது.

"கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு" என்றார் டாக்டர். "உள்ள நரம்பும் நல்லா இருக்கு. வெளிச்சத்துக்கு கண்மணி சுருங்குது. கண்ணு தானா ஆடல, அதுவும் நல்ல விஷயம்."

"அப்ப ஏன் டாக்டர் பாக்க மாட்டேங்கா?"

"கண்ணு பாத்தத வாங்கி, இன்னதுன்னு புரிஞ்சுக்கிற இடம் மூளையில இருக்கு. சில குழந்தைகளுக்கு அந்த இடம் தயாராக கொஞ்சம் தாமதமாகும். மத்ததெல்லாம் சரியா இருந்து இது மட்டும் பிந்துனா, பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள தானா வந்துரும்."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மனு வந்துகொண்டேயிருக்கிறது. வாங்கி எழுதுகிற ரைட்டர் மட்டும் இன்னும் டூட்டிக்கு வரவில்லை.

"பெரும்பாலும்னா?" என்று கேட்டேன்.

அவர் மழுப்பவில்லை. "பெரும்பாலும்னா எல்லாருக்கும் இல்ல. சில பேருக்கு வேற காரணம் பின்னாடி தெரிய வரலாம். இன்னைக்கே உறுதியா எழுதித் தர என்னால முடியாது. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்."

அதுவரை செய்யவேண்டியதைச் சொன்னார். முகத்தை ஒரு முழத்துக்குள் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கறுப்பு வெள்ளைக் கோடு, கட்டம், பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். பேசாமல் காட்ட வேண்டும், பேசினால் காதுக்கு வேலை கொடுத்துவிட்டுக் கண் சும்மா இருந்துவிடும். கண்ணில் எண்ணெயோ, தாய்ப்பாலோ, வேறெதுவுமோ விடக்கூடாது.

கிளம்பும்போது, பொதுவாக ஜனங்கள் கேட்பார்களே என்பதற்காக, ஒன்று கேட்டேன். "கிரகணத்தப்ப வெளிய நின்னா இப்படி ஆகும்னு ஜனங்க சொல்றாங்களே டாக்டர்."

"எந்த ஜனங்க?" என்று என்னைப் பார்த்தார். அவர் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதனால இல்லம்மா. நீங்க நின்னதுனால இல்ல, நடந்ததுனால இல்ல, நீங்க செஞ்ச எதுனாலயும் இல்ல."

வெளியே வந்ததும் இவர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். அது ஒன்றும் கனமான பை இல்லை.

மார்ச் 9

இவர் ஒரு டீ ஷர்ட் வாங்கி வந்திருக்கிறார். கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக. போட்டுக்கொண்டு நின்றால் ரோட்டை விட்டு எழுந்து வந்த ஜீப்ரா கிராசிங் மாதிரி இருக்கிறார். பழக்கதோஷத்தில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அவரைக் கடந்து அடுப்படிக்குப் போனேன்.

பேசாமல் முகம் காட்டுவது இவருக்குப் பெரிய தண்டனை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு தொட்டிலுக்கு மேல் குனிகிறார். கழுத்து நரம்பு புடைக்கிறது. கடைசியில் தாங்க முடியாமல் "ரை ரைட்!" என்று வெடித்துவிடுகிறார். தேனரசி பீரோவைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

மார்ச் 13

ஸ்டேஷனிலிருந்து போன். பழைய சொத்துப் பதிவேடு எங்கே என்று புது ரைட்டருக்குத் தெரியவில்லை. மூன்றாவது பீரோ, கீழ்த்தட்டு, நீல அட்டை என்று இங்கிருந்தே சொன்னேன். "எப்டிம்மா இருக்கா பாப்பா? உங்கள மாதிரியே முறைக்காளா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். "நல்லாருக்கா சார்" என்றேன்.

அடுப்படிச் சுவரில் கறுப்புச் சார்ட் அட்டை வெட்டிக் கட்டம் கட்டமாக ஒட்டினேன். மாற்றம் இல்லை.

மார்ச் 17

மேசை, கட்டில், பீரோ, எல்லாவற்றின் முனைக்கும் இவர் சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருக்கிறார். நடை, அடுப்படி நிலைப்படி எதையும் விடவில்லை. பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 19

பாளையங்கோட்டையில் பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கிற ஒரு பள்ளிக்குப் போன் செய்தேன். எந்த வயதில் சேர்க்கிறார்கள், விடுதி எப்படி, வீட்டிலிருந்தே போய்வரலாமா என்று விசாரித்தேன். பொது அறிவுக்காகத்தான். பொறுமையாகப் பதில் சொன்னார்கள்.

மார்ச் 23

மாற்றம் இல்லை. சாம்பார் நன்றாக வந்தது.

மார்ச் 27

மினி பஸ் ஒர்க் ஷாப்பில் நிற்பதால் இவருக்கு இன்று லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தோம், நடுவில் தேனரசி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"செண்பா" என்றார். ஏட்டம்மா என்று சொல்லாமல் பெயரைச் சொன்னால் விஷயம் இருக்கிறது. "அந்த ஸ்கூலுக்கு எதுக்குப் போன் போட்ட?"

போனில் நம்பரைப் பார்த்திருக்கிறார். நான் பதில் சொல்லாமல், "மேசைக்கு எதுக்கு டியூப் ஒட்டினீங்க?" என்றேன்.

இவர் மல்லாந்து ஃபேனைப் பார்த்தார்.

"கண்ண மூடிட்டு வீட்டுக்குள்ள நடந்து பாத்தேன்" என்றார் இவர். "நீ கடைக்குப் போயிருந்தல்லா, அப்ப. மேச முனை எனக்கு இடுப்புல குத்துச்சு. அவளுக்குத் தலையில இடிக்கும்."

தேனரசியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"நம்ம பஸ்ல ஒரு அண்ணாச்சி வருவாரு, கண்ணு தெரியாது. பேங்குல வேலை. சன்னலோர சீட்டு குடுக்கலைன்னா என்ன உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரு. ஒருநா பக்கத்துல உக்காந்து கேட்டேன், எப்பிடிப் படிச்சீங்க, எப்பிடி வேலைக்குப் போனீங்கன்னு. எல்லாம் சொன்னாரு. அவுக வீட்டுல ஆருமே அழலையாம், அதான் நல்லாப் படிச்சாராம்." தேனரசியின் காலை மெதுவாகத் தொட்டார். "அதனால நான் ஒண்ணும் பயப்படல, கேட்டியா?"

"நானும் பயப்படல" என்றேன்.

பயப்படாத இரண்டு பேரும் அழுது முடித்தபோது பிள்ளை விழித்துவிட்டாள். இருவரும் மூக்கை உறிஞ்சிய சத்தம் அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். கால் உதைத்துச் சிரித்தாள். அப்புறம் இவர் போய் வடை வாங்கி வந்தார். மனசு லேசாக இருந்தது. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இவள் நம் பிள்ளை, இந்த வீட்டில்தான் வளரப்போகிறாள் என்பதை ஏதோ இன்றுதான் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

ஏப்ரல் 2

வாசலில் மதினி. இந்தத் தடவை கையில் எண்ணெய் இல்லை. ஒரு பெரிய துணி மூட்டை. பிரித்தால், கறுப்புத் துணியும் வெள்ளைத் துணியும் சதுரம் சதுரமாக வெட்டித் தைத்த விரிப்பு, தலையணை உறை, தொட்டிலில் கட்டித் தொங்கவிட ஆறு துணிப் பந்து.

"தம்பிதான் போன்ல சொன்னான், கறுப்பு வெள்ளையா வேணும்னு" என்றார், என்னைப் பார்க்காமல். "எண்ணெ விடக் கூடாதுன்னு எங்க ஊரு நர்ஸம்மாவும் சொல்லிட்டா. நல்லா ஏசிட்டா என்னய."

"நானும் அன்னைக்கு ரொம்பச் சத்தம் போட்டுட்டேன் மதினி."

"ஆமா. காது இன்னும் அடைச்சிருக்கு." பிறகு விரிப்பைத் தடவிக்கொண்டே, "வெள்ளத் துணி என் பழைய பாவாடதான். துவைச்சுட்டேன்" என்றார்.

தேனரசி மதினியின் பாவாடை மேல் படுத்து, எதையும் பார்க்காமல், ரொம்ப சௌகரியமாகத் தூங்கினாள். மதினியை ஒரு மாதம் இருந்துவிட்டுப் போகச் சொன்னேன். முதலில் மறுத்தார். பிறகு, தையல் மிஷினைத் தம்பி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவருவானா என்று கேட்டார்.

ஏப்ரல் 10

கோயில் திருவிழா. பந்தோபஸ்துக்கு நிற்காமல், வேடிக்கை பார்க்கிற பொதுஜனமாக நான் போகிற முதல் திருவிழா. பொழுது சாயும் நேரத்தில் மூன்று பேரும் தேனரசியைத் தூக்கிக்கொண்டு போனோம். ரத வீதி முனையில் சீரியல் லைட்டால் பெரிய மயில் கட்டியிருந்தார்கள். சிவப்பும் பச்சையுமாகத் தோகை விரிந்து விரிந்து மூடுகிறது.

நாதஸ்வரம் இடது பக்கம். பலூன்காரன் இடது பக்கம். இவர் தொண்டை இடது பக்கம். தேனரசி எப்போதும் சத்தம் வருகிற பக்கம்தான் திரும்புவாள். இன்று அவள் தலை வலது பக்கம் திரும்பியது. மயில் பக்கம்.

அவளோடு அப்படியே திரும்பி நின்றேன். இப்போது மயில் என் இடது பக்கம். தலை மெல்ல, மெல்ல, இடது பக்கம் வந்தது.

"என்னட்டி நடுத்தெருவுல சுத்திக்கிட்டு நிக்க?" என்றார் மதினி.

"ஒண்ணுமில்ல மதினி" என்றேன். சரியாகத் தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது. வீட்டுக்கு வரும்போது கால் தரையில் பாவவில்லை, கூட்டத்தில் ஒரு செருப்பு போய்விட்டது.

ஏப்ரல் 12

சன்னல் பக்கம் இரண்டு தடவை திரும்பினாள். டியூப் லைட்டைப் போட்டதும் ஒரு தடவை. மற்ற நேரமெல்லாம் பழைய மாதிரிதான். உறுதி செய்யப்படவில்லை. இவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 13

இவரும் இரண்டு நாளாகக் கவனித்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

ஏப்ரல் 16

காலையில் நான் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். "ஏ செண்பா! ஏய்! ஓடியா! ஓடியா!" என்று மதினி போட்ட கூப்பாட்டில் கரண்டியோடு ஓடினேன். பாம்பு என்றே நினைத்தேன்.

இவர் அந்தப் பட்டை டீ ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, தேங்காய் எடுக்க இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போயிருக்கிறார். விரிப்பில் கிடந்த தேனரசியின் கண் அவர் கூடவே போயிருக்கிறது.

"அங்கிட்டு நட" என்றார் மதினி. இவர் நடந்தார். கண் நடந்தது.

"இங்கிட்டு வா." கண் வந்தது. நடுவில் ஒரு தடவை தவறவிட்டது, திணறியது, பிறகு தேடிப் பிடித்துக்கொண்டது. அந்தத் தேடல்தான் என்னை உலுக்கிவிட்டது. ஒன்றைத் தவறவிட்டோம், அதைத் தேட வேண்டும் என்று அந்தக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

இவர் நிறுத்தவே இல்லை. அங்கும் இங்குமாக நடக்கிறார், கன்னத்தில் தண்ணீர் வழிகிறது, டாக்டர் பேசக்கூடாது என்று சொன்னாரே என்று வாயை மட்டும் இறுக மூடியிருக்கிறார். மதினிதான் பிடித்து உட்காரவைத்தார். தலை சுற்றுகிறது என்று அப்படியே தரையில் படுத்துவிட்டார்.

ரசம் கரிந்துவிட்டது. இன்று மோர்.

ஏப்ரல் 21

இன்று என்னைப் பார்த்தாள்.

ஏப்ரல் 22

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. இன்று முறையாக எழுதுகிறேன்.

முற்பகலில் கரண்ட் போய்விட்டது. மதினி காய் வாங்கப் போயிருந்தார், இவர் பஸ்ஸில். சன்னலோரம் உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வேர்த்துக் கொட்டியது. தலை வாரவில்லை. நைட்டியில் மஞ்சள் கறை. புளிக்குழம்புக்குக் கத்தரிக்காயா வெண்டைக்காயா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

யாராவது நம்மைக் கவனித்துப் பார்த்தால் போலீஸ்காரிக்கு உடனே தெரிந்துவிடும். நேற்றும் தெரிந்தது. வாசலைப் பார்த்தேன், யாரும் இல்லை. எதிர் சன்னலில் யாரும் இல்லை. கீழே பார்த்தேன்.

தேனரசி குடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நெற்றியைப் பார்த்தாள். அங்கிருந்து மூக்குத்திக்கு வந்தாள். அது மின்னியிருக்க வேண்டும், அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு என் கண்ணுக்கு வந்து அங்கேயே இருந்துவிட்டாள். புது ஊரில் இறங்கிய ஆள் பெயர்ப்பலகையைப் படிக்கிற மாதிரி எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். எனக்கு மூச்சு விட பயமாக இருந்தது.

பேசக்கூடாது என்று தெரியும். ஆனாலும், "நாந்தான்" என்று சொல்லிவிட்டேன்.

கண் சட்டென்று என் வாய்க்கு இறங்கியது. திரும்ப என் கண்ணுக்கு ஏறியது. இத்தனை நாளும் கேட்ட குரல் இந்த மூஞ்சியிலிருந்துதான் வருகிறது என்று அந்த நிமிடத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. நான் கண்ணால் பார்த்த சாட்சி. அவள் சிரித்தாள். பீரோவுக்கு இல்லை. எனக்கு. வாயிலிருந்த பாலெல்லாம் நைட்டியில் கொட்டிற்று.

"நாந்தான்ட்டி, நாந்தான், நாந்தான்" என்று எவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேனோ தெரியாது. மதினி காய்கறிப் பையோடு வந்து நின்று, என்னைப் பார்த்து, அவளைப் பார்த்து, ஒரு வார்த்தை கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மதினி பேசாமல் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பை நிறைய வெண்டைக்காய்.

மே 9

மதுரை போய்வந்தோம். டாக்டர் நஸ்ரின் இன்றும் நாக்கை நீட்டினார். தேனரசி அதைக் கவனமாகப் பார்த்துவிட்டுத் தன் நாக்கையும் லேசாக நீட்டினாள். டாக்டர் சிரித்து, அட்டையையும் பந்தையும் காட்டி, விளக்கடித்துப் பார்த்து, எல்லாம் இந்த வயதுக்கு ஏற்ற மாதிரி வந்துவிட்டது என்றார். ஒரு வயது முடியும்போது மறுபடியும் ஒரு தடவை காட்ட வேண்டும், அவ்வளவுதான். இவர் இரண்டு கையாலும் கும்பிட்டார். "நான் ஒண்ணும் செய்யல, அவளேதான் வந்தா" என்றார் டாக்டர்.

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். இடம் பிடிக்கிற தகராறில், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் இவரிடம் சண்டைக்கு வந்துவிட்டார். "கைப்பிள்ளக்காரங்கன்னா பஸ்ஸ வெலைக்கு வாங்கிட்டீங்களா?" என்றார். எங்களுக்குப் பின் சீட்டில் உர்ரென்று உட்கார்ந்துகொண்டார். தேனரசி இவர் தோளில் கிடந்தாள், முகம் பின்பக்கம். அதாவது, அந்த ஆளுக்கு நேராக.

திருமங்கலம் தாண்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னம்மா இது, பிள்ள இப்பிடி மொறைக்கி?"

திரும்பிப் பார்த்தேன். கண் இமைக்காமல் அவரை ஆராய்ந்துகொண்டிருந்தாள். மீசையை, சட்டைப் பையிலிருந்த பேனாவை, மறுபடி மீசையை. அவர் சன்னல் பக்கம் திரும்பினார். கொஞ்சம் கழித்து ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டை இறக்கினார். அவள் கெக்கலித்துச் சிரித்தாள். பக்கத்து சீட்டுக்காரர்களும் சிரித்துவிட்டார்கள். பாவம், அந்த மனுஷனும் எவ்வளவு நேரம்தான் உர்ரென்று இருப்பார். விருதுநகர் வரும்போது துண்டை ஏற்றுவதும் இறக்குவதுமாக அவரே ஒரு பிள்ளை ஆகிவிட்டார்.

"ஏம்மா, எப்பவும் இப்பிடித்தான் எல்லாரயும் கண்ணெடுக்காம பாக்குமா?" என்று கேட்டார், மூச்சு வாங்க.

"இல்ல அண்ணாச்சி" என்றேன். "இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கா."